பனிச்சங்கேணியில் நான் மூழ்கடித்த நூல்



மிம்பரில் ஏறி மற்றவர்களுடைய பிழைகளைச் சொல்வதுதான் என் போன்ற மௌலவிமாருக்குப் பழக்கம். சொந்தப் பிழையைச் சொல்வது குறைவு. இம்மாதம் என் பிழை ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதே பிழையைச் செய்யாமல் நின்றுகொண்டால், நான் வெட்கப்பட்டதற்குப் பலன் கிடைத்துவிடும்.

என் மூத்த மகள் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். யுத்த நெருக்கடியின் நடுவே 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. சென்ற விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், சோறு உண்ணும்போது ஒரு செய்தி சொன்னாள். அங்கே கற்பிப்பவர்களும் படித்து வெளியேறியவர்களும் எழுதிய புதிய நூல்களை ஓர் அலுமாரியில் வரிசையாகப் பார்த்தாளாம். அவற்றில் இரண்டைத் தனக்குப் பாடம் நடத்துகிறவர்களே எழுதியிருந்தார்களாம். நூல் எழுதுகிறவர்களை நேரில் பார்க்கிறோம், அவர்களிடம் கேள்வி கேட்கிறோம் என்ற பெருமை அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்து அவள் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

“வாப்பா, எனக்கு இறுதி வருஷ ஆய்வு இருக்கு. எங்கட ஊர்ப் பொம்புளயள் அரபுத்தமிழில எழுதி வச்ச கொப்பிகளப் பத்தி எழுதப் போறன். பெரிய மூத்தம்மாட பெட்டி எங்க?”

நான் பதில் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: “அத வாப்பா அப்பவே ஆத்துல உட்டுட்டார் மகள்.”

வாசகர்களே, அந்தப் பெட்டியின் கதை இதுதான்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அது வடிவதற்குள் பெப்ரவரியில் இரண்டாவது வெள்ளமும் வந்தது. ஓட்டமாவடியில் என் உம்மாவின் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். நான் மனைவி வீட்டிலிருந்து ஓடிவந்து சாமான்களைத் தூக்கி வைத்தேன். அறை மூலையில் இருந்த மூத்தம்மாவின் மரப்பெட்டியை மறந்துபோனோம். மூத்தம்மா என்றால் என் உம்மாவைப் பெற்றவர். அவர் மௌத்தாகி இரண்டு வருடமாகியிருந்தது. என் மகள் குழந்தையாக அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறாள்.

தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். நனைந்து ஊறிய பழைய முஸ்ஹபுகள் இரண்டு, தாள் கழன்ற கிதாபுகள் சில, நூலால் தைத்த கொப்பிகள் நாலைந்து. கொப்பிகள் முழுவதும் மூத்தம்மாவின் கையெழுத்து. எழுத்து அரபு, மொழி தமிழ். பைத்துகள், பிள்ளைப்பேற்று மருந்துக் குறிப்புகள், தாலாட்டு, எந்தப் பிள்ளை எந்த நாளில் பிறந்தது என்ற கணக்கு. இவ்வளவும் ஓரிரு பக்கங்களைப் புரட்டியபோது என் கண்ணில் பட்டவை. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

முஸ்ஹபின் தாள்கள் பாவிக்க முடியாதபடி கெட்டுப்போனால் அவற்றைக் காலடி படாத இடத்தில் புதைப்பதும், சுத்தமான நீரில் கல் கட்டி இறக்கிவிடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். முஸ்ஹபோடு கிதாபையும், கிதாபோடு கொப்பிகளையும் சேர்த்து ஒரே வெள்ளைத் துணியில் கட்டினேன். உம்மா பக்கத்தில் நின்று, “அது எங்கட உம்மாட கையெழுத்து மகன்” என்றார். நான் அவரைப் பார்த்தேன். உடனே அவரே, “நீ ஓதினவன். உனக்குத் தெரியும்தானே” என்று விலகிக்கொண்டார்.

எனக்குத் தெரியவில்லை என்பதை அப்போது நான் அறியவில்லை.

ஊரை ஒட்டிய ஆற்றில் வெள்ளம் அள்ளிவந்த குப்பையெல்லாம் மிதந்தது. அதனால் மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடக்கே போனேன். காயான்கேணி, மாங்கேணி தாண்டி, வாகரைக்குப் போகும் வழியில் பனிச்சங்கேணி. அந்த ஊரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீதியின் ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல் என்று நீண்டு கிடக்கும் தரை. இடையில் நீரைக் கடக்கும் பாலம். கரையில் கண்டல் மரங்கள், இறால் பிடிக்கும் தோணிகள். மீனையும் இறாலையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள். யுத்த காலத்தில் நாங்கள் எண்ணிப் பார்க்கவும் பயந்த பாதை அது. அப்போதுதான் பயமின்றிப் போய்வரத் தொடங்கியிருந்தோம். அங்கே எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் இருந்தார். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன்.

அவர் தோணியில் ஏற்றி, கடலோடு களப்பு சேரும் பக்கமாகக் கொண்டுபோனார். நான் மூட்டையை அவிழ்த்துக் கல் வைக்கும்போது எட்டிப் பார்த்தார்.

“என்ன மௌலவி, எழுத்தெல்லாம் இரிக்கு. எதுக்குத் தண்ணியில போடுறீங்க?”

மார்க்க முறையை விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு துடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எங்கட ஊர்ட கடதாசியெல்லாத்தையும் சுனாமியும் சண்டையும் கொண்டு போயிட்டு. நீங்க என்னண்டா கையால கொண்டந்து போடுறீங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. 2004 டிசம்பரில் கடல் ஏறியதும், 2006இன் கடைசியில் சண்டைக்குள் அகப்பட்டுக் கையில் கிடைத்ததோடு மக்கள் ஓடியதும் அந்தக் கரை முழுவதும் கண்டது. அவர் சொன்னது அனுபவம். நான் அதைப் பாமரப் பேச்சாக எடுத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி மூட்டையை இறக்கினேன். ஒரு பெரிய கடமையை முடித்த நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

அரபு எழுத்தாக இருந்ததால் அந்தக் கொப்பிகளுக்கு மரியாதை கொடுத்தேன். உள்ளே தமிழாக இருந்ததால் அவற்றை வாசிக்கவில்லை. என் பிழையின் வேர் இதுதான். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் நஹ்வும் ஸர்பும் ஓதினேன். அந்தக் கல்வி எனக்கு உணவும் தந்தது, மதிப்பும் தந்தது. ஆனால் கிழவிமார் அரபெழுத்தில் எழுதும் தமிழ் அறிவாகுமா என்று அந்த வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஆகாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தான் கொண்டுவந்த புத்தகங்களையும் பிரதிகளையும் மேசையில் வைத்துவிட்டு, “நேரமிருந்தா பாருங்க வாப்பா” என்றாள். அந்த விடுமுறையில் நான் மாணவனானேன். படித்ததில் சிலவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் நாட்டுப் பேராசிரியர் ம.மு. உவைஸ். 1922இல் பிறந்த பாணந்துறைக்காரர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் நம் கிழக்கு மண்ணின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்பது உங்களுக்குத் தெரியும். 1943இல் அப்பதவியேற்ற அவர், யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே காலமானார். உவைஸ் தம் எம்.ஏ. பட்டத்துக்காக, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டை ஆராய்ந்தார். முஸ்லிம்களுக்கு அப்படி என்ன இலக்கியம் இருக்கிறது என்று படித்தவர்களே கேட்ட காலம். அவர் ஏடுகளையும் பழைய அச்சுப் பிரதிகளையும் தேடித் திரட்டிப் பதில் சொன்னார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வந்தது. வெளியிட்டது யார் தெரியுமா? கண்டிப் பகுதியில் மலைகளுக்கு நடுவேயுள்ள கல்ஹின்னை என்னும் முஸ்லிம் கிராமத்துத் தமிழ் மன்றம். ஒரு பல்கலைக்கழக ஆய்வை ஒரு கிராமம் நூலாக்கியது! பின்னர் உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்து, அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1986இல் வெளிவந்தது. 1996இல் அவர் மறைந்தார்.

அடுத்து, தைக்கா சுஐபு ஆலிம். என்னைப் போல் மார்க்கக் கல்வி கற்றவர். கீழக்கரையில் 1898 வரை வாழ்ந்து அரபுத்தமிழில் ஏராளமாக எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் வழித்தோன்றல். அரபும் அரபுத்தமிழும் பாரசீகமும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எப்படி வளர்ந்தன என்று அவர் ஆராய்ந்து எழுதிய ஆங்கிலப் பெருநூல் 1993இல் வெளிவந்தது. நான் ஓதச் சேர்வதற்கு முன்பே! தமிழிலுள்ள ட, ண, ழ போன்ற ஓசைகள் அரபியில் இல்லை. அவற்றுக்காக அரபு எழுத்துக்களில் புள்ளியும் குறியும் சேர்த்து நம் முன்னோர் ஒரு முறையையே உண்டாக்கினார்கள். என் மூத்தம்மா பள்ளிக்கூடப் படி ஏறாதவர். அந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது நூலைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன். ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் எழுதியது. நபி (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) கேட்டதாக வரும் கேள்விகளின் நூல் தமிழ், மலாய், ஜாவா மொழிகளில் எப்படி எப்படி வழங்கியது என்பதே அதன் பொருள். தமிழில் அது 1572இல் இயற்றப்பட்ட ஆயிர மசலா. நம் பாட்டிமார் ‘மசலா’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை ஒருவர் தேடிப் போய், மூன்று மொழிகளில் ஒப்பிட்டு எழுத, சிக்காகோ பல்கலைக்கழக அச்சகம் நூலாக வெளியிட்டது. வெளிவந்த ஆண்டு 2011. நான் பனிச்சங்கேணியில் கல் கட்டிய அதே ஆண்டு.

ஆபிரிக்காவில் மாலி நாட்டின் திம்புக்டு நகரையும் நினைத்துப் பாருங்கள். அங்கே குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாகக் கையெழுத்துக் கிதாபுகளைப் பெட்டிகளில் பாதுகாத்து வந்தன. 2012இல் நகரம் ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தபோது, நூலகக்காரரும் ஊர் மக்களும் அவற்றை இரும்புப் பெட்டிகளில் இட்டு இரகசியமாக வாகனங்களிலும், நைஜர் நதி வழியே படகுகளிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து நூல்களைப் படகில் ஏற்றினார்கள். நானும் படகில்தான் ஏற்றினேன்!

பல்கலைக்கழக நூல் பல்கலைக்கழகத்தில் பிறப்பதில்லை என்பது இவற்றைப் படித்தபின் எனக்கு விளங்கியது. அது ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில், ஒரு கிழவியின் நினைவில், ஓர் அண்ணாவியாரின் கொப்பியில் பிறக்கிறது. பேராதனையில் படித்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்ற நூலை 1998இல் தந்தார். அண்ணாவிமார் கூத்துகளைக் காத்து வைத்திராவிட்டால் எதைக் கொண்டு எழுதியிருப்பார்? டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1969இலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து, நம் தாய்வழிக் குடிகளையும் மரைக்காயர் முறையையும் கேட்டெழுதி 2008இல் நூலாக்கினார். ஊர் மக்கள் கதவைத் திறக்காவிட்டால் அந்த நூல் இல்லை. படித்தவன் எழுதுவான்தான். அவன் எழுதுவதற்கு நாம் ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமே!

எழுதியபின் நாம் செய்வதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நூல் வெளியீட்டு விழாக்கள் நடக்கின்றன. பெரும்பாலும் நூலாசிரியரே கைக்காசு போட்டு அச்சிட்டிருப்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் முதற்பிரதி பெற்றுக்கொள்வார். படம் பிடிப்பார்கள். பொன்னாடை, வாழ்த்துரை, தேநீர். விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போது பார்த்தால், ஒன்றிரண்டு கதிரைகளில் புத்தகம் அப்படியே கிடக்கும். நானும் வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன், வாசிக்காமலே. வலீமா விருந்துக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் நாம், அந்த மணமக்களுக்கு இரண்டு நல்ல நூல் வாங்கிக் கொடுத்தால் குறைந்தா போவோம்?

விடுமுறை முடிய நாலு நாள் இருக்கும்போது மகள், “அந்த இடத்தைக் காட்டுங்க வாப்பா” என்றாள். இருவரும் பனிச்சங்கேணிக்குப் போனோம். என் மீனவ அண்ணன் நரைத்துப் போயிருந்தார். பாலத்தருகே நின்று, நீரில் இன்ன இடம் என்று கையைக் காட்டினேன். நீர் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். மகள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மௌனம் எனக்கு ஏச்சை விடக் கனமாக இருந்தது.

அண்ணன் இளநீர் வெட்டித் தந்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். இந்தக் கரையோர வேடர் குடிகளைப் பற்றிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் யுவி தங்கராஜா எழுதிய கட்டுரை 1995இல் கொழும்பில் ஒரு தொகுப்பு நூலில் வந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்கட பக்கத்தப் பத்தியா பிள்ள? புத்தகத்திலயா?”

“ஓம் மாமா. இங்கிலீசில இருக்கு.”

“அப்ப நாங்க எப்பிடிப் படிக்கிற?”

“நான் பிரதி எடுத்து வந்து, தமிழில வாசிச்சுக் காட்டுறன்” என்றாள் மகள்.

வாசகர்களே, பல்கலைக்கழகத்தில் நூல் எழுதுவோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எடுத்தீர்களோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழில் பத்துப் பக்கச் சுருக்கமாவது செய்யுங்கள். பெட்டியைத் திறந்து தந்தவருக்கு, உள்ளே இருந்தது என்னவென்று அறிய உரிமை உண்டு.

திரும்பி வந்த அன்று மஃரிபுக்குப் பிறகு மூத்தம்மாவின் தங்கையிடம் போனோம். எண்பது கடந்தவர். கண் மங்கல், நினைவு தெளிவு. பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டதும், மூத்தம்மா எழுதி வைத்திருந்த தாலாட்டொன்றைப் பாதி வரை பாடினார். பிறகு நின்றுவிட்டார். “மத்தது அந்தக் கொப்பியில இரிக்கு மகன்” என்றார். அங்கே இருந்து எழும்பிவர எனக்குக் கால் வரவில்லை.

அந்தப் பாதியை மகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்தாள். அடுத்த ஜும்ஆவில் தொழுகை முடிந்ததும் ஊர் மக்களிடம் விஷயத்தைச் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. அந்த வாரமே மூன்று வீடுகளிலிருந்து கொப்பிகள் வந்தன. ஒன்று கரையான் தின்றது. ஒன்றில் எண்ணெய்க் கறை. மகளுக்குப் பழைய கையெழுத்தில் புள்ளிகள் பிடிபடவில்லை. எனக்கு எழுத்து ஓடியது. ஆனால் பழைய தமிழ்ச் சொற்கள் தடுக்கின. நான் வாசிக்க, அவள் தமிழில் எழுத, சொல் விளங்காத இடத்தில் உம்மா பொருள் சொல்ல, ஒரே பாயில் மூவரும் உட்கார்ந்து நாலு இரவு வேலை செய்தோம். பல்கலைக்கழகப் படிப்பு ஒரு திசை, அரபுக் கல்லூரிப் படிப்பு ஒரு திசை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பாயில் இரண்டும் ஒன்றையொன்று தேடின. இரண்டுக்கும் மேலாக உம்மாவின் ஞாபகம் தேவைப்பட்டது.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். வீட்டில் பழைய பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். முஸ்ஹபின் சிதைந்த தாள் வேறு, பெரியவர்களின் கைக்கொப்பி வேறு. முதலாவதற்குரிய ஒழுங்கை ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டாவதைப் படித்தவர் ஒருவருக்குக் காட்டாமல் புதைக்கவோ எரிக்கவோ நீரில் விடவோ வேண்டாம். நனைந்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில், காற்றில் உலர்த்துங்கள். ஒட்டிய தாளை இழுத்துப் பிரிக்காதீர்கள். உலர்ந்த பின் இடையிடையே வெள்ளைத்தாள் வையுங்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்ட வேண்டாம். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பிள்ளைகளிடமும் நூலகத்திடமும் கொடுத்து வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பாடுவதையும் சொல்வதையும் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். மௌத்து சொல்லிவிட்டு வருவதில்லை.

அந்த ஒலுவில் அலுமாரியில் என் மூத்தம்மாவின் பேர் ஒரு நூலின் அடிக்குறிப்பிலாவது வந்திருக்கலாம். அதை நான் தடுத்துவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். நம் வீடுகளில் மிச்சமிருக்கும் எழுத்துக்களைப் பேணவும், நம் பிள்ளைகள் எழுதும் நூல்களை வாங்கி வாசிக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.